பெரிய ற

மதினி,

புது மூக்குக்கண்ணாடியின் கூடு உடைந்துபோனதால் இன்று காலை பழைய கூட்டைத் தேடி எடுத்தேன். திறந்ததும் தைல வாசனை. இரண்டு முட்டிகளிலும் தேய்த்துத் தேய்த்து, சேலை, தலையணை, வேதப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் ஏற்றி வைத்திருந்தீர்களே, அதே தைலம். உள்ளே நாலாக மடித்த உங்கள் ஜெபச் சீட்டு இருந்தது. அங்கே ஒளித்து வைத்தது நான்தான். ஒன்றரை வருடமாக அதை மறந்துவிட்டதாக நடித்ததும் நான்தான்.

பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரியும். கறுப்புப் பேனாவில், உங்கள் குண்டு எழுத்தில் ஒரே ஒரு வரி. அதில் ஒரு எழுத்தை அடித்து, சிவப்பு மையில் நான் போட்ட திருத்தம்.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? அண்ணன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. உங்கள் மகன் மஸ்கட்டில் இருக்கிறான்; அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சபையில் சொன்னால், "ஆண்டவர் மன்னிப்பார் சிஸ்டர்" என்று தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவ்வளவு மலிவாக மன்னிப்பு வாங்க எனக்கு இஷ்டமில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். இப்போது உங்கள் முறை.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவள். தாராவி லேபர் கேம்ப் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்தேன். அந்தக் கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. நீங்கள் இதே தாராவியில் பிறந்து, முனிசிபாலிட்டி ஹிந்திப் பள்ளியில் ஏழாவதோடு நிறுத்தியவர். நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் சிலேட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். வேதம் ஹிந்தியிலும் கிடைக்கிறதே, எதற்கு இந்தக் கஷ்டம் என்று கேட்டேன். "எங்கம்மா எந்தப் பாஷையில அழுது ஜெபம் பண்ணுனாளோ, அந்தப் பாஷையில வாசிக்கணும் டி" என்றீர்கள்.

நாலு மாதத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தீர்கள். எழுதவும் வந்தது. தகராறு செய்தது இந்த ர, ற மட்டும்தான்.

"ரெண்டும் ஒரே சத்தம்தானட்டி? ஹிந்திக்காரன் ஒரு ர-வ வச்சே தில்லி வரைக்கும் காலத்த ஓட்டுதான். உங்களுக்கு மட்டும் காய்கோ ரெண்டு, எதுக்கு?"

"இது சின்ன ர, அது பெரிய ற, மதினி. இடம் பாத்துப் போடணும்."

"அப்ப ஆண்டவருக்கு எழுதும்போது நான் பெருசே போடுதேன். அவருக்குப் போயி சின்னதையா குடுப்பாவ?"

அன்றோடு முடிந்தது. உங்கள் நோட்டில் அவர் கற்த்தர் ஆனார், பறிசுத்தர் ஆனார். இரக்கம் என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் இறக்கம் என்று எழுதினீர்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், சபையார் ஜெபச் சீட்டுப் போடும் அந்த மரப்பெட்டியைத் திறந்து சீட்டுகளை வாசிப்பது என் வேலை. யாரும் பேர் போட மாட்டார்கள். ஆனால் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். வாசிக்கும் முன் சிவப்புப் பேனாவால் பிழை திருத்திக்கொள்வேன். யாரும் கேட்டு அல்ல. டியூஷன் எடுத்த கை சும்மா இருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் சீட்டு வந்தது. "ஆண்டவரே, என்மேல் இறக்கமாயிரும்." அன்று ஏதோ குறும்பு, திருத்தாமலே அந்த ற-வை அழுத்தி வாசித்தேன். "ஒரு சகோதரி, ஆண்டவர் தன் தலைமேல வந்து இறங்கணும்னு கேக்குறாங்க. லாரியில லோடு இறக்குற மாதிரி" என்றேன். பெண்கள் சிரித்து உருண்டார்கள். நீங்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். காது மட்டும் சிவந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

திரும்பி நடக்கும்போது தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் எனக்கு முன்னால் போனீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: "அவரு இறங்கித்தானட்டி வந்தாரு? மேலயே உக்காந்துக்கிட்டு ஐயோ பாவம், ஐயோ பாவம்னு இருந்திருந்தா நம்ம கதி என்ன?"

"அது வேற இறக்கம் மதினி. இது வேற இரக்கம்."

"உனக்கு வேற. எனக்கு ஒண்ணுதான்."

எழுத்துத் தெரியாதவருக்கு விளக்கம் சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன். ஆமாம் மதினி, அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு உங்கள் குடிசையை இடித்து, புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். சாவி வாங்கின அன்று ஜன்னலோரம் நின்று, "மழைத்தண்ணி இனி வீட்டுக்குள்ள வராதுட்டி. வரணும்னா அதுவும் ஏழு மாடி ஏறணும்" என்று சிரித்தீர்கள். முதல் வருடம் லிப்ட் ஓடியது. பிறகு பத்து நாள் ஓடும், இருபது நாள் பந்த். பிறகு மொத்தமாகவே பந்த். உங்கள் முட்டிகளும் அதே நேரத்தில்தான் கையை விரித்தன. கீழே போவதற்கு நீங்களாக ஒரு பேர் வைத்துக்கொண்டீர்கள். "டாக்டருக்கு ஒரு இறக்கம், ரேஷனுக்கு ஒரு இறக்கம். மாசம் ரெண்டு இறக்கத்துக்கு மேல இந்தக் கால் தாங்காதுட்டி." அப்புறம் அது ஒன்றாகிப் பிறகு அதுவும் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாதான் எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

உங்களுக்கு வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வர வேண்டும். போனில் நாலைந்து முறை கேட்டீர்கள். "ஏழு மாடி மதினி. யாரு தூக்க? ஆண்டவரு எல்லா இடத்துலயும்தான இருக்காரு, வீட்டுல இருந்தே ஜெபிங்க" என்றேன் ஒவ்வொரு முறையும். எவ்வளவு வசதியான வாக்கியம்! ஏழு மாடி ஏறாமலே சொல்லிவிடலாம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போதகர், வீட்டுக்கே திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவருகிறேன் என்றார். ஒருநாள் வரவும் செய்தார், மூன்றாவது மாடி வரை. அங்கே மூச்சு வாங்க நின்று, உங்களுக்குப் போன் போட்டு, போனிலேயே ஜெபித்து, ஆமென் சொல்லி இறங்கிவிட்டார். நீங்கள் அவர்மேல் கோபப்படவில்லை. "அவருக்கும் முட்டிதான பாவம்" என்றீர்கள். "ஆனா வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அது எனக்கு மருந்து மாதிரிதான் டி. எல்லாரோடயும் உக்காந்து வாங்குனாத்தான் விருந்து."

அந்தப் புதன்கிழமை வந்திருந்தேன். பத்து நிமிடம்தான் இருந்தேன், டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்தேன். கதவருகில் கையைப் பிடித்து, மடித்த சீட்டை வைத்தீர்கள். "பெட்டியில போட்டுரு. போற வழியில பிரிக்கப்படாது. ஆண்டவருக்கு எழுதுனது. அவரு யாருட்ட சொல்லணுமோ சொல்லுவாரு."

பெட்டியில் போடுவதும் நான், அதைத் திறந்து வாசிப்பதும் நான். அது உங்களுக்குத் தெரியாதா? போனில் கேட்டுச் சலித்து, என்னிடம் கேட்பதற்கு ஆண்டவரை நடுவில் வைத்தீர்கள். இது எனக்கு அப்போது புரியவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். "திருவிருந்து அன்னைக்கு எனக்கு இறக்கம் வேணும்."

திருவிருந்து, அன்னைக்கு, இரண்டிலும் ர, ன எல்லாம் சரியாக இருந்தன. எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள்! நான் பார்த்தது பழைய பிழையை மட்டும். மதினி இன்னும் திருந்தவில்லை என்று சிரித்துக்கொண்டு, ற-வை அடித்து, மேலே ர போட்டேன். வாசித்தேன். "திருவிருந்து நாளில் தன்மேல் தேவ இரக்கம் வேண்டுமென்று ஒரு சகோதரி கேட்கிறார்." எனக்கு என்று எழுதியிருந்ததை வாசிக்கும்போது தன்மேல் என்று மாற்றியதும் நான்தான். இத்தனை வருடம் எழுதிய சீட்டுகளில் என்மேல் என்றுதான் எழுதினீர்கள். இந்த ஒரு தடவை எனக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் டீச்சர் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

நன்றாக ஜெபித்தார்கள், மதினி. ஒரு பெண் கண்ணீர் விட்டே ஜெபித்தாள். தேவ இரக்கம் காலைதோறும் புதிதாக ஊற்றப்பட வேண்டுமென்று கேட்டாள். எல்லோரும் ஆமென் சொன்னோம். சபையில் ஸ்பீக்கர் பெட்டியை மாடிக்கு ஏற்றி இறக்க ஆறு வாலிபர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளையாட்டாக வந்திருப்பார்கள். ஆனால் நீங்கள் கேட்டது எங்களுக்குப் புரியவே இல்லை. புரிந்தது என்று நினைத்து, மேலே பார்த்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் திருவிருந்து வாங்கினேன். உங்களை ஒருமுறை நினைத்தேன் என்றுதான் நினைவு. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தேன். கட்டிலில் இருந்தீர்கள்.

"என் சீட்ட வாசிச்சியாட்டி?"

"வாசிச்சேன் மதினி. எல்லாரும் உருகி ஜெபிச்சாவ. உங்க ற-வ நானே திருத்திட்டேன்."

"திருத்திட்டியா?" என்றீர்கள். பிறகு, "சரி, சரி. சாயா போடவா?"

ஏன் சொல்லவில்லை, மதினி? "அடி கூறுகெட்டவளே, நான் கேட்டது அது இல்ல" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அடுத்த மாதத்துக்காவது ஆள் கூட்டி வந்திருப்பேனே. இந்த ஒன்றுக்காக எனக்கு உங்கள்மேலும் கோபம் உண்டு. காது சிவந்த அன்றும் இப்படித்தான் சிரித்து மூடினீர்கள். நான் மறுபடியும் கேலி செய்வேன் என்று பயந்தீர்களோ என்னவோ. பயந்திருந்தால், அதற்கும் காரணம் நான்தான்.

அடுத்த திருவிருந்துக்கு நீங்கள் இல்லை. ஒரு காலையில் மராட்டிக்கார அம்மா போன் செய்தார். அந்த ஆறு வாலிபர்களும் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டு. போர்வையில் வைத்து, மாடிக்கு மாடி நின்று இறக்கினார்கள். "மெதுவா இறக்கு, மெதுவா இறக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நான் பின்னால் வந்தேன். நாலாவது மாடியில் அந்த அம்மா என் தோளைத் தொட்டார்.

"உஸ் சண்டே கோ ஆனா தா நா தும் லோகோங் கோ?" அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லாம் வரவேண்டியவர்கள்தானே என்று கேட்டார். காலை ஏழு மணிக்கே வெள்ளைச் சேலை கட்டி, வேதத்தை மடியில் வைத்து, கதவைத் திறந்துபோட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களாம். "சர்ச்வாலே ஆயேங்கே, மைனே சிட்டி பேஜி ஹை" என்றீர்களாம். சீட்டு அனுப்பியிருக்கிறேன், சபைக்காரர்கள் வருவார்கள் என்று. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்துகொண்டீர்களாம். பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மாதான் கதவைச் சாத்தினாராம்.

அந்தப் படியிலேயே எனக்குப் புரிந்தது. நீங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அந்தப் பெரிய ற-வைச் சரியான இடத்தில் போட்டிருந்தீர்கள். அதைத்தான் நான் அடித்தேன்.

அதற்கப்புறம் பல மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. நம்மை வழிநடத்துகிறவர் என்று வாரம் தவறாமல் பாடுகிறோமே, அந்த வெள்ளிக்கிழமை என் காதில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று அவரிடம் சண்டை போட்டேன். சொன்னாரோ என்னவோ. நான் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு வாசிக்கும் வேலையை விடவில்லை. சிவப்புப் பேனாவை விட்டுவிட்டேன். இப்போது எந்தச் சீட்டைப் பார்த்தாலும் சந்தேகம். போன வாரம் உங்கள் கட்டடத்திலிருந்தே ஒன்று வந்தது, ஆறாவது மாடிப் பெண்ணின் கையெழுத்து. "எங்கள் வீட்டுக்குத் தேவ இரக்கம் வேண்டும்." பிழையே இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு, லிப்ட் இல்லாத ஆறு மாடியை என் முட்டிகளோடு ஏறினேன். அவள் கதவைத் திறந்து, "ஜெபிக்க வந்தீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"இல்லம்மா. யாரையாவது இறக்கணுமா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரரின் விசாவுக்காக எழுதினாளாம். வாலிபர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினோம். உங்களுக்கு ஏற வேண்டிய படியை வேறு யாருக்கோ ஏறுகிறேன், மதினி. ஏறிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்போதெல்லாம் எனக்கு ஜெபம் என்றால் ஒரே வார்த்தைதான். கண்ணை மூடினால் எழுத்தாகத்தான் அது வருகிறது, பெரிய ற போட்டு. மேலேயிருந்து இரங்குகிறவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொன்ன ஆள், இறங்கி வருகிறவர், அவரிடம்தான் கேட்கிறேன். எனக்கு ஆறுதல் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அது அவரிடம் இருக்கிறது. அவரையும் உங்கள் பிழையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் சீட்டைப் பிரித்தேன். சிவப்பு மை வெளுத்துவிட்டது, மதினி. உங்கள் கறுப்பு எழுத்து அப்படியே இருக்கிறது.