சம்பந்தியம்மாவுக்குத் தராத மாத்திரை

அன்பு மகன் ஜோசுவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஏஞ்சலுக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு வரன் வந்ததே, அது கைநழுவப் பார்த்த கதையைக் கேள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணாயிரம் அண்ணன் மெடிக்கலில்தான் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் அந்தக் கடையில் யாருடைய சர்டிபிகேட்டோ சுவரில் தொங்கும், மாத்திரை எடுத்துக் கொடுப்பது வேறு ஆள். மருந்து இன்ஸ்பெக்டர்கள் பிடியை இறுக்கிய பிறகு, படித்துப் பதிவு செய்தவர் கடையில் நின்றே ஆகவேண்டும் என்றாகி, இப்போது வெள்ளைக் கோட்டும் அதட்டலுமாக உன் தங்கை நிற்கிறாள். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் வேவு பார்த்துவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம்தானே. அப்படித்தான் சனிக்கிழமை ஒரு அம்மா கடைக்கு வந்து, மூட்டு வலிக்கு ஒரு அட்டை, தூக்கத்துக்கு ஒரு அட்டை கேட்டிருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேம்மா என்றிருக்கிறாள் இவள். எல்லாக் கடையிலயும் குடுக்குறாங்களே என்றதற்கு, அப்ப அவங்களுக்கு உங்க மேல அக்கறை இல்லம்மா, இங்க நின்னுக்கினு இருக்காம டாக்டரப் போய்ப் பாருங்க என்று அனுப்பிவிட்டாள். சாயங்காலம் தரகர் போன் செய்து, உங்க பொண்ணு தொரத்தி வுட்டது யாரு தெரியுமா, மாப்பிள்ளையோட அம்மா பொன்னியம்மாள் என்றார். வரப்போகும் மாமியார் என்று தெரியாமல் போச்சே என்று ஏஞ்சலைத் திட்டித் தீர்த்தேன். மாமியாரா இருந்தாலும் மந்திரியா இருந்தாலும் சீட்டு வேணும்மா என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தோசை சாப்பிட்டாள். உன் அப்பாவுக்கோ ஒரே சிரிப்பு. இந்த வரனும் போனால் என்ன செய்வது என்று நான் ஒருத்திதான் புலம்பினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் கார். பொன்னியம்மாளும் மாப்பிள்ளை சாமுவேலும் இறங்கினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, காப்பியில் சர்க்கரை போடக்கூட மறந்தேன். அந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, ஏஞ்சலைப் பார்த்தார். நேத்து உன்ன சோதிச்சிப் பாக்கத்தாம்மா மாத்திரை கேட்டேன், எங்க வூட்டுக்காரரு கால் வலிக்கு வருஷக்கணக்கா கடையில கேட்டு வாங்கித் தின்னே கிட்னி போயிடுச்சிம்மா, ஒரு கடைக்காரனாவது உன்ன மாதிரி இல்லன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு அவரும் பொண்ணு பாக்க வந்திருப்பாரு என்றார். எதற்கும் அசையாத ஏஞ்சல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடக்கூடாது, அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது. ஜனவரியில் நிச்சயம். பட்டுப்புடவை எடுக்க நீ வந்தே ஆகவேண்டும், லீவு இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. தொண்டை வலிக்கு நீ கேட்ட மாத்திரையைக் கடிதம் கொண்டுவரும் பஞ்சாட்சரத்திடம் கொடுக்கும்படி ஏஞ்சலிடம் சொன்னேன், சொந்த அண்ணனாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் கிடையாதாம். அங்கேயே ஒரு டாக்டரைப் பார், கண்ணு.

எந்நேரமும் உன் நினைவாக இருக்கும்
அம்மா கங்கையம்மாள்
முசரவாக்கம்