விரிப்பின் மறுமுனை

ஜூன் 4
இன்றும் யாரோடும் பேசவில்லை. ஹோட்டல் சலவைக்கூடத்தில் மெஷின்கள் போடுகிற சத்தத்தில் அது யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்று இங்கே வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

ஜூன் 9
படுக்கை விரிப்பு மடிக்க எனக்குப் புது ஜோடி. வேற்று நாட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும். எல்லாரும் நெட்டை என்கிறார்கள். நம் பேச்சில் நாலைந்து சொல்தான் தெரியும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்க்கிறாள். ஏன் இந்த முறைப்பு? தரையைப் பார்த்தபடி முனையைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12
அம்மாவிடம் சொன்னேன். "பார்த்தா பார்த்துட்டுப் போறா. நீ குனிஞ்ச தலை நிமிராம வேலையப் பாருடி."

ஜூன் 17
நெட்டை, ஜோடியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவள் மொழி தெரிந்த மேற்பார்வை அக்கா சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.
"அவ உன்னை என்னடி பண்ணினா? மூஞ்சியக்கூடப் பார்க்க மாட்டேங்கிறியாம். தன்னைக் கண்டா உனக்கு ஆகலைன்னு அழறா."
திருப்பிக் கேட்டேன். "நானா? அவதானேக்கா முறைச்சா?"
"அவங்க ஊர்ல கண்ணைப் பார்த்தாத்தான் மரியாதை. குனிஞ்சுக்கிட்டா, நீ எனக்கு வேண்டாம்னு அர்த்தம்."
"எங்க வீட்ல குனிஞ்சாத்தான்க்கா மரியாதை."
"அது அவளுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. அப்புறமும் ஒத்து வரலைன்னா மாத்திடுறேன்."
மாற்றினால், பள்ளியில் எல்லாரும் விலகியது போல இவளும் போய்விடுவாள்.

ஜூன் 18
கண்ணாடி முன் நின்று என்னையே பார்த்துப் பழகினேன். தலை தானாகக் கவிழ்கிறது. "என்னடி, சினிமாவுல சேரப் போறியா?" என்றாள் அம்மா.
பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையே. நான் குனிந்தே இருந்ததில் அவர்களுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்குமோ? அவர்கள்தான் என்னை ஒதுக்கினார்கள் என்று இத்தனை நாள்—

ஜூன் 19
முடியவில்லை. என் பார்வை அவள் கழுத்து வரைதான் போனது. அங்கே ஒரு மச்சம்.

ஜூன் 21, சனி
கடைசி விரிப்பு. முனைகளைச் சேர்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அவள் கண்ணைத் தேடினேன்.
நெட்டை தலையை நன்றாகக் கவிழ்த்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டு மரியாதையை அக்கா அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 23
இன்று விரிப்புகள் கோணல்மாணலாக மடிந்தன. "சிரிச்சது போதும், ரெண்டு பேரும் பிரிச்சுத் திரும்ப மடிங்க" என்று அக்கா திட்டினார். மடித்தோம்.