மலையேறியவனைச் சுடக்கூடாது

தம்பி,

இன்று உன் அறையைத் திறந்ததும் டர்பன்டைன் வாடை முகத்தில் அடித்தது. மேசையில் சுண்டுவிரல் உயரப் பொம்மைப் படைவீரர்கள் அப்படியே நிற்கிறார்கள். சிலருக்கு நீ இன்னும் வண்ணம் பூசவில்லை.

அவர்களை வைத்து மேசைமேல் எந்தப் போரை ஆடுவது என்பதற்கே எவ்வளவு சண்டை போட்டோம்! நான் எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சொன்னேன். நீ, பாளையக்காரர்கள் வெள்ளைக்காரக் கும்பினியை எதிர்த்ததைத்தான் ஆடவேண்டும் என்றாய்.

“நம்மாளுகள நாமளே பகடை உருட்டிக் கொல்லணுமாடா?”

“அப்ப தூரத்து ஊர்க்காரன்னா சாகலாமாக்கா? நல்லாருக்கே ஒன் நாயம்!”

உன் போருக்கே ஒப்புக்கொண்டேன். சீட்டுப் போட்டதில் கும்பினி எனக்கு வந்தது. “வாங்க தொரசாணி” என்று கும்பிட்டாய்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆட்ட விதிப்புத்தகத்தில் உள்ளூர்ப் படைக்குத் துணிவுப் புள்ளி குறைவு. அதை அடித்துவிட்டு இரு தரப்புக்கும் ஒரே அளவு வைத்தாய். புத்தகத்தில் எல்லாம் சமவெளிக் கணக்கு. நமக்கோ ஏலக்காய்ச் சாக்கை மடித்துச் செய்த மலைச்சரிவு. அதனால் நீயே இரண்டு விதிகள் சேர்த்தாய். பகடையில் ஆறு விழுந்தால் போடிமெட்டில் இறங்குவதுபோல மஞ்சு இறங்கிக் கண்ணை மறைக்கும், அந்தச் சுற்றில் யாரும் சுடமுடியாது. சரிவின் உச்சியைத் தொட்டவன் மலையேறிவிட்டான், அவனைச் சுடக்கூடாது. தோற்றவன் என்றும் சொல்லக்கூடாது.

கடைசி ஆட்டத்தன்று தலையணையில் சாய்ந்திருந்தாய். சிகிச்சைக்கு மறுபடி மதுரை போகமாட்டேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தாய். உன் ஆட்களை ஒவ்வொருவராக மேலே ஏற்றினாய். தலைவன் மட்டும் உச்சிக்குக் கீழே நின்றான். ஒரு நகர்வு போதும், அவனும் பிழைத்துவிடுவான்.

“ஏத்திருடா. இன்னும் வழி இருக்குல்ல?”

“அவனுக்குக் காலு ஓஞ்சுபோச்சுக்கா.”

“நான் தூக்கி வைக்கிறேன்.”

“எதிராளி தூக்கி வைக்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு? அழுகுணி ஆட்டம் ஆடாத. ஒன் முறைதேன், வெரசா உருட்டு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நாம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது இருவருக்கும் தெரியும். பகடையை உள்ளங்கையில் மூடியபடி உட்கார்ந்திருந்தேன். நீ தூங்கிப்போனாய். அதன்பிறகு நீ மேசைப்பக்கம் வரவே இல்லை.

இன்று அந்தத் தலைவனை மேலே ஏற்றிவைத்தால் தடுக்க நீ இல்லை. விரல் அவன் தலை வரை போனது. நீ நிறுத்திய இடத்திலேயே நிற்கட்டும் என்று கையை எடுத்துவிட்டேன். அதுவரைதான் என்னால் உன் பேச்சைக் கேட்க முடிந்தது, தம்பி. நீ உருட்டச் சொன்ன பகடையை மட்டும் நான் இன்னும் உருட்டவில்லை.