பூண்டு ரொட்டியில் முதல் கை

அப்பா,

போன வாரம் உங்கள் வீட்டுப் பரணிலிருந்து அந்த வட்ட ஓவனை இறக்கினேன். ஒயரை நீங்கள் எட்டுப் போட்டுச் சுற்றி, நுனியில் நூல் கட்டி வைத்தபடியே இருந்தது. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பிளக்கில் சொருகினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கம்பி சிவந்தது, வீடெல்லாம் பூண்டு வாசம்! பூண்டும் வெண்ணெயும் சேர்ந்து காய்கிற அதே வாசம். ஆளில்லாத வீட்டில், அடுப்பெரியாத வீட்டில், அந்த வாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் மாப்பிள்ளை பயந்துபோய், "ஷாக் அடிச்சுருச்சா?" என்று ஓடி வந்தார். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் மகளுக்கு ஷாக் அடிக்குமா? நல்ல மனுஷன் போங்கள்.

எச்சில் விஷயத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சிங்காநல்லூரில் உங்கள் கடைக்கு எதிரே டீக்கடை. அங்கே கொதிக்கக் கொதிக்க வரும் டீயைக்கூட அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வீர்கள். சூடான டீயை அண்ணாந்து குடிக்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உங்கள் தட்டு தனி, உங்கள் தம்ளர் தனி. என் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை ஒடித்து நீட்டினால், "வேண்டாங் கண்ணு, நீ சாப்புடு" என்று சிரித்துக்கொண்டே கையை மடக்கிக்கொள்வீர்கள். அம்மா போனபிறகு தினமும் எனக்குச் சமைத்துப் போட்டது நீங்கள். தலைவாரிப் பின்னிவிட்டதும் நீங்கள். ஆனால் ஒருநாளும் என் தட்டில் உங்கள் கை பட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, உங்களிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு நான் போத்தனூர் போனேன். பீளமேட்டு பம்ப் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அருளின் வீடு. அருளின் அம்மா ஒரு பெரிய வட்டத் தட்டை மேசை நடுவில் வைத்தார். உருண்டை உருண்டையாக மாவு ஒன்றோடொன்று ஒட்டி வெந்து, மேலே பூண்டும் கொத்தமல்லித் தழையும் வெண்ணெயில் மினுங்க, இடுக்கெல்லாம் சீஸ் உருகி வழிந்தது. நான் தட்டு எங்கே என்று தேடினேன். தட்டே இல்லை! ஆளாளுக்குக் கையை விட்டுப் பிய்த்தார்கள். சீஸ் நூலாக இழுபட, அருளின் அப்பா அதை என் விரலிலிருந்து தன் விரலால் அறுத்துவிட்டார். குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்த தன் அப்பா செய்தது அது என்றார் அருளின் அம்மா. அதற்கு ஒரு பேர்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை. "பிச்சுத் திங்கற ரொட்டி" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அருளைக் கட்டிக்கொள்ள ஆசை என்பதையும் அந்த ரொட்டியையும் சேர்த்தே சொன்னேன். நீங்கள் கத்தவில்லை. மடியில் இருந்த மோட்டார் சுருளுக்குக் கம்பி சுற்றி முடித்தீர்கள். பிறகு, "அவிங்க நல்லவிங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லைங் கண்ணு. ஆனா அக்காளை மீறி நானு எதும் செய்யறதில்லை. உனக்கே தெரியும்."

தெரியும். உங்கள் அக்கா, என் சோமனூர் அத்தை. அம்மா செத்தபோது தறிப்பட்டறையையும் மாட்டையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, அந்த முதல் வருஷம் நம்மைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனவர். அருள் வீட்டார் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று அத்தையிடம் நீங்கள் போய்ச் சொன்னதற்குப் பதில் வந்தது: "அவிங்க வாரப்ப நானும் வாரேன். ஆனா அங்க பச்சத் தண்ணி பல்லுல படாது."

இதற்கு என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் கை நனைக்கவில்லை என்றால் சம்மதமில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவே வேண்டாம், சோற்றைத் தொடாமல் எழுந்தால் போதும். நீங்களும் மறைக்காமல் சொன்னீர்கள். "அக்கா சாப்பிட்டாச் செரி. சாப்பிடாம எந்திரிச்சா, நானு உனக்கு வாக்குக் குடுக்க முடியாது கண்ணு."

என் தலையெழுத்து அத்தையின் வாயில் இருந்தது. நான் பயந்து செத்தேன். நீங்களோ மறுநாளே மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பூண்டும், டின் சீஸும், பேக்கரிக்காரரிடம் கெஞ்சி வாங்கின ஈஸ்ட் பொட்டலமுமாக வந்து நின்றீர்கள். கடைக்கு ரிப்பேருக்கு வந்து ஆள் திரும்பி வராத வட்ட ஓவன் ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குக் கம்பி மாற்றினீர்கள்.

"ஏனுங்கப்பா, பேசாம பிரியாணி போட்டுரலாமே?"

"அது அவங்கவங்க தட்டுல அவங்கவங்க தின்னுபோட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க கண்ணு. நீ சொன்னியல்லோ, அவிங்க ஊட்ல எல்லாரும் ஒண்ணுலயே கை வெச்சாங்கன்னு. அதைச் செய்யலாம்."

யார் சொல்வது? அண்ணாந்து டீ குடிக்கிற மனுஷன்!

முதல் தடவை ஓவன் மூடியைத் திறந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. உருண்டைகளை ஒன்றை ஒன்று தொடாமல் அழகாக இடைவெளி விட்டு அடுக்கியிருந்தீர்கள். பழக்கம்! ஒவ்வொன்றும் தனித்தனியாக உப்பி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தன.

"அப்பா, இது பன்னுங்க."

"ஒட்டிக்கும்னுதான் தள்ளித் தள்ளி வெச்சேன்."

"ஒட்டோணுங்கப்பா!"

முதலில் பன், பிறகு அடி தீய்ந்த ரொட்டி, பிறகு உள்ளே வேகாத களி. எல்லாவற்றையும் நாம்தான் தின்றோம். பூண்டு வாசம் உங்கள் கை நகத்திலிருந்து போகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை மோந்து பார்த்தார்கள். ஒருவழியாக, நெருக்கி நெருக்கி அடுக்கி, ஒரு தடவை சரியாக வந்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தட்டில் எடுத்து வைத்தீர்கள்.

அவர்கள் வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து அருளும் அவர் அப்பா அம்மாவும் வந்தார்கள். அத்தை அதற்கு முன்பே சோமனூரிலிருந்து பஸ்ஸில் வந்து, உதடு காய்ந்து, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். பவானி ஜமக்காளத்தை விரித்து எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தீர்கள். ஓவனிலிருந்து ரொட்டி வந்தது. சீஸ் இன்னும் கொப்புளித்துக்கொண்டிருந்தது. நடுவில் வைத்து, "எடுங்க, ஆறிரும்" என்றீர்கள்.

"நீங்க மொதல்ல எடுங்க" என்றார் அருளின் அப்பா.

"அதெப்படிங், ஊடு தேடி வந்த ஒறம்பரை நீங்க. நீங்க எடுங்."

"பெரியவங்க எடுக்கட்டுங்க" என்று அருளின் அம்மா அத்தையைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாங். நானு இப்பத்தான் தின்னுபோட்டு வந்தேன். நீங்க எடுங்" என்றார் அத்தை.

அவ்வளவுதான். அவர்கள் எடுங்க என்க, நீங்கள் எடுங்க என்க, இடையில் மழை எப்படி, பஸ் கூட்டமா, பம்ப் கம்பெனியில் லீவு உண்டா என்று ஒரு சுற்றுப் பேச்சு. மறுபடியும் எடுங்க. அவரவர் வீட்டு மரியாதையை அவரவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஊரிலேயே மரியாதை ஜாஸ்தி நமக்குத்தானே! கரண்டும் போனது, ஃபேன் நின்றது, திரும்பச் சூடுபண்ணவும் வழியில்லை. என் கண்ணெதிரே சீஸ் மங்கி, இறுகி, டயர் ரப்பர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அருள் என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் அருளின் அம்மா முந்தானையைச் சரிசெய்து, "அப்ப நாங்க இன்னொரு நாளைக்கு..." என்று கையை ஊன்றினார். அத்தையும் எழப் போனார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது நீங்கள் கையை நீட்டினீர்கள். எல்லாருக்கும் முன்னால், நடுத்தட்டில், முதல் கை. ஓர் உருண்டையைப் பற்றி இழுத்தீர்கள். அது வரவில்லை. மொத்த ரொட்டியும் தட்டோடு எழும்பியது. இன்னொரு தரம் இழுத்தீர்கள். ஊஹூம்.

"அக்கா, அந்தப் பக்கம் சித்த புடிங்க."

அத்தை பிடித்துவிட்டார். யோசித்துப் பிடிக்கவில்லை. ஜமக்காளம் உதறும்போது மறுமுனையைப் பிடிக்கிற மாதிரி, ஆயுசெல்லாம் உங்களுக்கு மறுமுனை பிடித்த கை அது, தானாகப் போனது. நீங்கள் இந்தப் பக்கம் இழுக்க, அவர் அந்தப் பக்கம் இழுக்க, படக்கென்று பிய்ந்து பாதி ரொட்டி அத்தையின் இரண்டு கையிலும் வந்து நின்றது. முழங்கை வரை வெண்ணெய்.

"அடக் கெரகமே!" என்றார் அத்தை.

அத்தை ரொட்டியைப் பார்த்தார். கை பட்டதைத் திரும்பப் பொதுத்தட்டில் வைக்கக் கூடாது, அது அவர் வீட்டுச் சட்டம். சோற்றை வீசக் கூடாது, அதுவும் அவர் சட்டம்தான். உங்களுக்கு எச்சில் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அத்தைதானே! உங்களை ஒரு முறை முறைத்தார். நீங்கள் பாவம் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அத்தை ஒரு உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"உப்புப் பத்தலை" என்றார்.

நான் அழுதுவிட்டேன், அப்பா. இன்றைக்கு எழுதும்போதும் அழுகிறேன்.

"சீஸ்ல உப்பு இருக்குமுங்க, அதனால மாவுல கம்மியாப் போடச் சொல்லுவாரு எங்கப்பா" என்று அருளின் அம்மா மெதுவாகச் சொன்னார். "அதுக்குன்னு இப்படியுங்களா? இந்தாங்க, நீங்களே சொல்லுங்க" என்று அத்தை தன் கையிலிருந்ததில் பாதியை ஒடித்து அவரிடம் கொடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் உப்பைப் பற்றிப் பேசத் தொடங்கி, கண்ணாலத்தை எப்போது வைப்பது என்பதில் போய் முடித்தார்கள். நடுவில் அருளின் அம்மாதான் கவனித்தார். "நீங்க இன்னும் சாப்பிடவே இல்லீங்களே" என்று தன் கையில் இருந்ததைக் கிள்ளி உங்களிடம் நீட்டினார். நான் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடங்கவில்லை. வாங்கினீர்கள், வாயில் போட்டீர்கள், தொண்டைக்குழி ஏறி இறங்கியது. "உப்புப் பத்தலைதானுங்" என்றீர்கள்.

வேண்டுமென்றேதான் அத்தையைப் பிடிக்கச் சொன்னீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "ஆறிப்போச்சு கண்ணு, வரலை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. கள்ளன்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஓவனைப் பரணிலிருந்து இறக்கினீர்கள். முதல் கை எப்போதும் உங்களுடையது. ஆனாலும் டீயை அண்ணாந்து குடிப்பதை மட்டும் நீங்கள் விடவில்லை. கடைசி மாதங்களில் கை நடுங்கியபோதுதான் அது நின்றது. ஒருநாள் தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி அதைப் பார்த்து, "எச்சப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றீர்கள். நான் தம்ளரை வாங்கி மிச்ச டீயைக் குடித்தேன். நீங்கள் என்னைத் திட்டவில்லை. என் தலையைத் தடவினீர்கள்.

இன்று மத்தியானம் அந்த ஓவனில் நானே ரொட்டி போட்டேன். நீங்கள் இல்லாமல் முதல் தடவை. அருள், அருளின் அம்மா, என்னோடு வந்து தங்கியிருக்கும் அத்தை, எல்லாரும் உட்கார்ந்தோம். ஒருவரும் "எடுங்க" என்று சொல்லவில்லை. ஒருவரும் எடுக்கவும் இல்லை. நீங்கள் உட்காருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொட்டி ஆறியது. சீஸ் இறுகியது. அத்தை சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தார்.

நான் கையை நீட்டினேன், அப்பா. பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"அத்தை, அந்தப் பக்கம் சித்த புடிங்க."

நடுங்குகிற கைதான். ஆனாலும் பிடித்தார். பல்லில்லாத வாயில் ஒரு துண்டைப் போட்டு நெடுநேரம் மென்றார். அழுதுகொண்டே மென்றார். "உப்புப் பத்தலை புள்ளே" என்றார். நான் அவர் கையிலிருந்ததைக் கிள்ளித் தின்று பார்த்தேன். பத்தவில்லைதான்.

கை பட்டதைத் திரும்ப வைக்கக் கூடாதல்லவா. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் எல்லாரும் தின்று முடித்தோம்.

உங்கள் மகள்