நீலத் துணிக்குப் பின்னால்

தகரப் பெட்டியைத் திறந்ததும் அந்த நீலத் துணியின் வாடைதான் முதலில் வந்தது. பாதி படம் கழுவும் மருந்து, பாதி ரப்பர் ஷீட்டுப் புகை. இத்தனை வருடம் மடித்துக் கிடந்தும் போகவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது.

பெட்டியைத் திறக்க வைத்தது ஒரு பெண். அவளும் படம் எடுப்பவள். மூடிய தோட்டங்களைத் தேடிப் போய் எடுத்து, ஈப்போவில் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். அதே ஊரில், சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து பழைய படங்களைக் கேட்டாள். தரையில் பரப்பினேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் அழகா இருக்கு அங்கிள். ஆனா தோட்டம் எங்க?"

"இவங்க எல்லாம் யாரு பின்ன? தோட்டத்து ஆளுங்கதான்லா."

"ஆளுங்க இருக்காங்க. பின்னால எல்லாத்துலயும் ஒரே துணிதான் இருக்கு."

இதே கேள்வியை நீ கேட்டபோது உன்னோடு சண்டை போட்டேன். அவளிடம் சண்டை போடத் தெம்பில்லை.

சுங்காய் பக்கத் தோட்டத்தில் நீயும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பழைய கேமரா ஒன்றை வாங்கி, பிலிமை வீணாக்கி வீணாக்கி நானே கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் யார் சொல்வதையும் நான் கேட்பதில்லை. கல்யாணமோ சாவோ, எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "தம்பி, செவுரு தெரியாம எடு." இந்தியாவிலிருக்கும் உறவுக்கு அனுப்பும் படம். லயத்தின் கரிபிடித்த சுவரும் சாக்கடையும் அவர்கள் கண்ணில் படக் கூடாது. அதற்குத்தான் துணி. ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையைக் கிடைத்தவர் பிடிப்பார். என் படங்களின் ஓரத்தில் உன் நான்கு விரல்கள் இன்னும் இருக்கின்றன.

கறுப்பு வெள்ளையில் நீலம் சாம்பலாக விழும். "மச்சான், பேரப்பிள்ளைங்க பார்த்தா நாம எல்லாம் மேகத்துக்குள்ள குடியிருந்தோம்னு நெனச்சுக்கும்" என்று சிரிப்பாய்.

உன் அம்மாவுக்குப் பால் ஊற்றிய அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. மண் மேட்டின் முன்னால் மொட்டைத் தலையோடு நின்றாய். "இன்னிக்கு துணி வேணாம் மச்சான். அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியட்டும்" என்றாய். "காடு மாதிரி கெடக்கு. ஒங்க மாமா பார்த்தா, தங்கச்சியக் கொண்டு போய்ப் பொதருல போட்டுட்டானுங்கன்னு நெனப்பாரு" என்றேன் நான். வாதாட உன்னிடம் பலமில்லை. ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற இருவர் துணியைப் பிடித்தார்கள். படத்தில் மண் மேடு, பால் செம்பு, நீ. அதற்கப்பால் சாம்பல்.

தோட்டம் கைமாறியது. நம்மை வெளியேற்றினார்கள். நீ சிலிம் ரிவரில் லாரி ஓட்டினாய், நான் ஈப்போவில் கல்யாணப் படம் எடுத்தேன். வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு நீயும் ஒரு கேமரா வாங்கினாய். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய், இடிந்த கிணறு, சாமி போன கோயில் மேடை, புல் முளைத்த லயத்துப் படிக்கட்டு என்று எடுத்து வந்து என் முன்னால் வைப்பாய்.

"செத்த மாட்டுக்கு ஜாதகம் எழுதுறியா?" என்றேன் ஒருநாள்.

"நீ மூடி வச்சத நான் தொறக்கறேன். ஒனக்கு என்னலா வலிக்குது?"

வலித்தது. உன்னிடம் சொல்லவில்லை.

ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டபோது இடுகாட்டையும் சேர்த்து உழுதுவிட்டார்கள். நீ அங்கே ஓடினாய்; அடையாளம் எதுவும் மிச்சமில்லை, உனக்கே இடம் தெரியவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர். இடத்தைக் காட்டினால் நான்கு கல் நட்டு விட்டுவிடலாம் என்றார். நீ என்னிடம் வந்தாய். இருந்த பிலிம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு குன்று இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு பாதை இல்லை. உன் அம்மாவின் மண்மேட்டுப் படத்தைக் கிராணி வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மண்ணு எங்க வேணாலும் இருக்கும் அண்ணே."

அந்த நிலத்தை விற்றவனையும் உழுதவனையும் சாகும்வரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே அதை மறைத்தவன் நான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டாய்: "மச்சான், துணிக்குப் பின்னால என்ன இருந்துச்சு? ஒனக்கு ஏதும் ஞாபகம் இருக்கா?"

எனக்கு எதுவும் நினைவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "நான் படம் எடுக்கப் போனவன். நெலம் அளக்கப் போனவனா?" என்றேன். நீ சிரித்தாய், இருமினாய். "சரி விடு. எடம் கெடச்சா எனக்காகக் கொஞ்சம் பால் ஊத்திடு." அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாய். இரண்டு நாளும் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினேன். என் மீதுதான் தப்பு என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

போன ஞாயிறு அந்தப் பெண்ணோடு அங்கே போனேன். ஒரு போத்தலில் பால் எடுத்துப் போனேன்; உன் அம்மாவுக்கு என்று வழியில் அவளிடம் சொன்னேன். செம்பனைக்குள் என்னை நிறுத்தினாள்.

"அங்கிள், அங்கயே நில்லுங்க. பின்னால இருக்கறதும் சேர்ந்து வரணும்."

பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். ஒரே உயரத்தில் செம்பனை வரிசை. இடப்பக்கம் அதுவே, வலப்பக்கம் அதுவே. இந்த ஐம்பது வருடத் தொழிலில், அந்த ஒரு நாளாவது துணிக்குப் பின்னால் இப்படிப் பார்த்திருந்தால் போதும்.

என் கையிலிருந்த போத்தலை அவள் பார்த்தாள். "எங்கயாவது ஊத்துங்க அங்கிள். அம்மாவுக்குப் போய்ச் சேரும்."

"அவங்க எங்கயாவது இல்லம்மா. ஒரு எடத்துல இருக்காங்க."

படங்களையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டேன். துணியையும் கேட்டாள். தரவில்லை.

ஈப்போ வந்து சேர்வதற்குள் வெயிலில் பால் திரிந்துவிட்டது. கொட்டிவிட்டுப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறும் பால் வாங்கிக்கொண்டு போவேன், திரும்பக் கொண்டுவருவேன். இடம் கிடைத்தால் ஊற்று என்றுதானே சொன்னாய்.