"நீயே போ" என்றவருக்கு

ஏங்க,

நல்லாத் தூங்குறீங்க, எழுப்பல. "சகலையோட அறுவையை என்னால தாங்க முடியாது, நீயே போ"ன்னு நேத்து முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டீங்கல்ல? கிளம்பிட்டேன். மரமெல்லாம் இலை உதிர்க்கிற நேரம், ரோடே அழகா இருக்கும். முதல்ல அக்கா வீடு, அப்புறம் வழிநெடுக உங்க சிநேகிதங்க வீடு. கேட்டா, "அவருக்குத் தூக்கம்தான் பெரிசு"ன்னு சொல்லிக்கிறேன்.

சமைச்சு வைக்கல. பிரிட்ஜும் காலி. வீட்டுச் சாவியை மாடி வீட்டு டீச்சர்கிட்ட கொடுத்துடுங்க.

பி.கு.: அலமாரியில சட்டையைத் தேடாதீங்க. நாற்காலி மேல ஒண்ணு இருக்கு, மத்ததெல்லாம் கார் டிக்கியில.

இன்னொண்ணு: கார் தெருமுனை பெட்ரோல் பங்க்ல நிக்குது. இந்தச் சீட்டுல எங்கயாவது "போயிட்டு வரேன்"னு எழுதியிருக்கேனா? முகத்தைக் கழுவிட்டு வாங்க.