இரண்டரைப் பேருக்கு எத்தனை விதம்?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சுக்கு இருந்த ஒரே ஆடுகால் இன்று காலை காலமானது. ஆசாரி புதுக்கால் பூட்டிவிட்டார். நீ நடுவில் உட்கார்ந்ததும் 'கிறீச்' என்னுமே, அது இனி இல்லை, மாப்ளே.

பூட்டிய பிறகும் எனக்குக் கேட்டது.

போன வருஷம் அதில் நாம் மூன்று பேர்: அன்னவாசல் பஸ்ஸில் வந்து இறங்கும் நீ, கோட்டைப்பட்டினத்து பசீர், நான். அன்றைக்கு சார் பாக்டோரியல் நடத்தினார். இரண்டு பேர் பெஞ்சில் இரண்டு விதமாக உட்காரலாம். மூன்று பேர் என்றால் மூன்று, இரண்டு, ஒன்று எல்லாவற்றையும் பெருக்கி ஆறு விதம். நீ எழுந்தாய்.

"சார், ரெண்டரைப் பேருக்கு?"

"ஒக்காருப்பா, ஆளை அறுக்க முடியாது" என்றார். வகுப்பே சிரித்தது.

"அந்த அரை ஆளு நீதான்டா" என்றான் பசீர்.

நீ சிரிக்கவில்லை. "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாமயா போயிரும்?" என்று என் காதோரம் கேட்டாய்.

"ரெண்டுக்கும் ஆறுக்கும் நடு நாலு. ஆளை விடு."

"நாலு வராதுடா. கொறையும், பாரு."

பார்ப்பதற்குள் உனக்கு டைபாய்டு வந்துவிட்டது. கோடை லீவு முடிந்து நாங்கள் திரும்பியபோது நீ இல்லை.

இப்போது கேள். நூலகத்துத் தடிப் புத்தகத்தில் நானே, யார் துணையும் இல்லாமல், கண்டுபிடித்துவிட்டேன். அதன் பெயர் காமா. அதைக் குறிக்கும் கிரேக்க எழுத்தைப் பார்த்தால் தூக்குமரம் மாதிரி இருக்கிறது. பாக்டோரியல் எண்ணுகிறது, காமா எண்ணாமல், ஒரு வளைகோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்பை அளக்கிறது. முழு எண்ணுக்கெல்லாம் பழைய விடையே வருகிறது. அரைக்கும் வாய் திறக்கிறது. இரண்டரைக்கு மூன்றேகாலுக்குச் சற்று மேல். நீ ஜெயித்துவிட்டாய். அந்த விடைக்குள் வட்டத்துக்குரிய பை வேறு வந்து உட்கார்ந்திருக்கிறது, யார் கூப்பிட்டதென்றே தெரியவில்லை.

காமாவுக்கு ஒரு குணம் உண்டு: ஒன்று தள்ளியே நிற்கும். இரண்டு பேருக்குக் கணக்கு வேண்டுமென்றால் அதனிடம் மூன்று என்று சொல்ல வேண்டும்.

இன்று மத்தியானம் வேறு ஊரிலிருந்து சேர்ந்த ஒருவன் நம் பெஞ்சுக்கு வந்தான். ஒரு ஓரம் பசீர், மறு ஓரம் நான்.

"ரெண்டு பேருதானங்க இருக்கீங்க? நடுவுல ஒக்காரலாங்களா?"

பசீர் என் முகத்தைப் பார்த்தான்.

"இல்லப்பா, மூணு பேரு" என்றேன்.

அவன் காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டான்.

மாப்ளே, யார் துணையும் இல்லாமல் என்று பீற்றிக்கொண்டேனே, அது சும்மா. ஒவ்வொரு வரியையும் உனக்குக் கேட்கும்படி வாய்விட்டுத்தான் படித்தேன். நீ 'ம்' என்ற பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.